ஆறு வயசுல சத்தமில்லாம முளைக்கற கடவாப்பல்லு

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பல்லு பராமரிப்பு பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, எந்த பிரஷ் வாங்கறது, எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்தறது, எப்படி தேய்க்கறதுன்னு படத்தோட. நல்லா இருந்துச்சுங்க, தப்பு சொல்லலை. ஆனா எங்க வீட்டுல பல்லு போனதுக்கு பிரஷ் காரணமே இல்லை. பிரஷ் இருந்துச்சு, பேஸ்ட்டும் இருந்துச்சு, ஒரு நாள் விடாம காலைல தேய்ச்சுட்டும் இருந்தோம். அப்படியும் என் பையனுக்கு ஒம்போது வயசுல ஒரு கடவாப்பல்லை எடுக்க வேண்டியதாப் போச்சு, அதுவும் இனி முளைக்கவே முளைக்காத பல்லு. இதை எழுதணும்னு நாலு நாளா மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு, ராத்திரி வேலை முடிச்சு வந்து போன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா திருத்திக்கோங்க.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு வீடு வந்து சேர ஒம்போது ஆகிரும். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், அவருக்கும் அதே நேரம்தான். பசங்க ரெண்டு பேரையும் எங்க அத்தைதான் பாத்துக்கறாங்க, அவங்க இல்லைன்னா எங்க பொழைப்பே ஓடாது, அதனால இதுல அவங்க மேல ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

பையன் ஒரு மாசமா ஒரு பக்கமாவே மென்னு சாப்பிட்டுட்டு இருந்திருக்கான், நான் கவனிக்கலை. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு கன்னத்தை புடிச்சுகிட்டு அழுதான். செல்போன் லைட் அடிச்சு பாத்தா கீழ் வரிசைல கடைசிப் பல்லுல நடு மத்தியில கருப்பா ஒரு குழி, மிளகு போட்டா உள்ள போயிரும் அந்த அளவுக்கு. பால்பல்லு தானே, விழுந்து முளைச்சுக்கும்னு சொல்லி கிராம்பு எண்ணெய் பஞ்சுல நனைச்சு வெச்சேன், மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிக் குடுத்தேன், ரெண்டு நாள்ல வலி நின்னுருச்சு. வலி நின்னா சரியாயிருச்சுன்னு நாம நினைக்கறோம் இல்லீங்களா, அப்ப உள்ள நரம்பு செத்துப் போயிருக்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரெண்டு மாசம் கழிச்சு தாடையே வீங்கிருச்சு, காய்ச்சல் வேற. அப்பதான் லீவு போட்டுட்டு கூட்டிட்டு ஓடினேன்.

அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்துல புடிச்சு காமிச்சாங்க. "இது பால்பல்லு இல்லம்மா, ஆறு வயசுல வந்த நிரந்தரப் பல்லு. வேருக்கு கீழ எலும்பு வரைக்கும் போயிருச்சு, மேல அடைக்கறதுக்கும் பல்லு மிச்சமில்ல"ன்னாங்க. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சுங்க. நிரந்தரப் பல்லுன்னா பால்பல்லு விழுந்து அந்த இடத்துல தானே முளைக்கும், இவனுக்கு அந்த பக்கம் எந்தப் பல்லும் விழவே இல்லையேன்னு கேட்டேன். அதுதான் விஷயமே. பால்பல்லு மொத்தம் இருபது, அது எல்லாத்துக்கும் பின்னாடி காலியா கிடக்கற இடத்துல ஆறு வயசு வாக்குல மேல ரெண்டு கீழ ரெண்டு ஒண்ணொண்ணா முளைக்குமாம். எந்தப் பல்லும் ஆடாது, விழாது, ரத்தம் வராது, புள்ளைக்கே தெரியாது, முன்னம்பல்லு ஆடினா மட்டும் தெருவுக்கே காட்டிட்டு திரியற புள்ளை இதை சொல்லவே சொல்லாது. பின்னாடி மூலையில இருக்கறதால பிரஷும் அங்க போறதில்லை, மேல ஆழமா பள்ளம் பள்ளமா வேற இருக்கும், அதுல பிஸ்கட் அப்பிகிட்டா நாக்காலயும் எடுக்க முடியாது. ஆனா சாகற வரைக்கும் மெல்லறதுக்கு முக்கியமான பல்லே அதுதானாம்.

அந்தப் பள்ளத்தை பல்லு முளைச்ச கொஞ்ச நாள்லயே பிசின் மாதிரி ஒண்ணு வெச்சு மூடிட்டா சொத்தை வர்றது ரொம்பக் குறையும்னு சொன்னாங்க, ஊசி கிடையாது, குடையறது கிடையாது. யாருங்க நமக்கு சொல்றாங்க இதெல்லாம்? நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான், பல்லுல எத்தனை வகைன்னு அறிவியல் புஸ்தகத்துல படிச்சு மார்க்கும் வாங்கியிருக்கேன், ஆறு வயசுல பின்னாடி ஒண்ணு வரும், பாத்துக்கோன்னு மட்டும் யாரும் சொல்லலை. இன்னொண்ணும் சொல்லிடறேன். ஸ்கூலுக்கு மெடிக்கல் டீம் வந்து பாத்துட்டு, பல்லுல சொத்தை, பல் டாக்டரை பாக்கவும்னு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அது அவன் பையோட அடியில பென்சில் சீவின தூளோட கசங்கிக் கிடந்துச்சு, பல்லை எடுத்ததுக்கு அப்புறம் பையைத் துவைக்கறப்பதான் என் கையில கிடைச்சுது. தேதியைப் பாத்தா எட்டு மாசத்துக்கு முன்னாடி.

சரி, தினம் பல்லு தேய்க்கற வீட்டுல எப்படி வந்துச்சு? இதைத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன்.

நம்மகிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு, பல்லு விளக்காம பச்சைத்தண்ணி குடிக்க மாட்டோம். எங்க அம்மாயி எல்லாம் பல்லு விளக்காம காப்பிய கையில எடுத்தா அடிப்பாங்க. ஆனா அது வாய் நாத்தம் போறதுக்கும் சுத்தத்துக்கும் வந்த பழக்கம். ராத்திரி சாப்பிட்டுட்டு பல்லு தேய்க்கற பழக்கம் நம்ம வீடுங்கள்ல எத்தனை வீட்டுல இருக்குன்னு சொல்லுங்க பாப்போம், எங்க லைன் வீட்டுல பத்து குடும்பம் இருக்கோம், நான் கேட்டுப் பாத்தேன், ஒரே ஒரு வீட்டுலதான். தூங்கறப்ப எச்சில் ஊறறது ரொம்ப குறைஞ்சு போயிருமாம், பகல்ல எச்சில் தான் பல்லை கழுவி காப்பாத்திட்டு இருக்கறது, அது இல்லாத எட்டு மணி நேரம் பல்லுமேல ஒட்டினது எல்லாம் அப்படியே ஊறிட்டு கிடக்கும். காலைல எந்திரிச்சு தேய்க்கறப்ப வேலை முடிஞ்சு போயிருக்கும். ஒரு வேளை மட்டும்தான் தேய்க்க முடியும்னா கூட ராத்திரி தேய்ங்கம்மான்னு டாக்டரம்மா சொன்னது எனக்கு அன்னிக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு.

அடுத்தது இனிப்பு. நாங்க அதிகமா இனிப்பு வாங்கறவங்க கிடையாதுங்க, தீபாவளிக்கு ஒரு கிலோ, யாராவது வந்தா வாங்கிட்டு வர்றது, அவ்ளோதான். டாக்டரம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எவ்ளோன்னு பாக்காதீங்க, எத்தனை தடவைன்னு எண்ணிட்டு வாங்கன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் கோடு போட்டுகிட்டே வந்தேன். காலைல எந்திரிச்சதும் சக்கரை போட்ட பால், அதுல முக்கி ரெண்டு பிஸ்கட், ஒரு கோடு. டிபனுக்கு அப்புறம் கடைக்கு போனவன் கையில தேன்மிட்டாய். பக்கத்து வீட்டு அக்கா குடுத்த சாக்லேட். பதினோரு மணிக்கு ரஸ்னா கலக்கி பசங்க எல்லாம் குடிச்சாங்க. மத்தியானம் சாப்பிட்டதும் கடலை மிட்டாய். மூணு மணிக்கு பாக்கெட் ஜூஸ், அதை ஒரே மூச்சுல குடிச்சா கூட பரவால்ல, விளையாடிகிட்டே அரை மணி நேரம் உறிஞ்சறான். நாலரைக்கு டீ, வர்க்கி. ஆறு மணிக்கு மறுபடி மிட்டாய். ஏழரைக்கு பன்னு. ராத்திரி படுக்கறப்ப பால். பத்து கோடு. ஒவ்வொண்ணா பாத்தா ஒண்ணுமே இல்லை, ரெண்டு ரூபா அஞ்சு ரூபா சமாச்சாரம்.

ஆனா பல்லுக்கு கணக்கு வேறங்க. இனிப்பு வாய்க்குள்ள போன ரெண்டு மூணு நிமிஷத்துல பல்லு மேல இருக்கற கிருமிங்க அதைத் தின்னு ஆசிட்டா மாத்திருதுங்க, அந்த ஆசிட்டு பல்லோட மேல் ஓட்டை அரிக்கும், எச்சில் வந்து அதை சரி பண்ண அரை மணி நேரமாவது ஆகும். ஒரு லட்டை ஒரே தடவைல தின்னா ஒரு அரை மணி நேரம். அதே லட்டை பத்து தடவையா பிச்சுப் பிச்சுத் தின்னா பத்து அரை மணி நேரம், அஞ்சு மணி நேரம் பல்லு அரிச்சுட்டே இருக்கும். என் பையன் பல்லு தினம் அஞ்சு மணி நேரம் ஆசிட்டுல கிடந்திருக்கு, நான் சக்கரை டப்பாவோட அளவைப் பாத்துட்டு நாம கம்மியாத்தானே வாங்கறோம்னு இருந்திருக்கேன். பிஸ்கட்டு, வர்க்கி, சிப்ஸ் இதெல்லாம் மிட்டாயை விட மோசமாக் கூட இருக்கலாமாம், பல்லுல அப்பிகிட்டு சீக்கிரம் போகாது. நம்ம ஊர்ல பிஸ்கட்டை யாருங்க இனிப்புன்னு சொல்றாங்க, நோயாளியைப் பாக்கப் போனாலே அதைத்தானே வாங்கிட்டு போறோம்.

என் அண்ணன் பொண்ணு பல் டாக்டருக்கு பிடிஎஸ் படிக்கறா, அவகிட்ட போன்ல இதைச் சொல்லி அழுதப்ப அவ ஒண்ணு சொன்னா, அது இன்னும் என் மனசை விட்டுப் போகலை. ஸ்வீடன் நாட்டுல விப்பேஹோல்ம்னு ஒரு ஆஸ்பத்திரி, மூளை வளர்ச்சி இல்லாத ஜனங்களை வெச்சிருந்த இடம். 1945ல அங்க ஆரம்பிச்ச பல்லு ஆராய்ச்சில, பின்னாடி அங்க இருந்தவங்களுக்கு விதவிதமா இனிப்பு குடுத்து பல்லு எப்படி கெடுதுன்னு பாத்திருக்காங்க. சாப்பாட்டோட சேத்து இனிப்பு குடுத்தவங்களுக்கு சொத்தை கொஞ்சம்தான் கூடியிருக்கு, சாப்பாட்டுக்கு நடு நடுவுல ஒட்டற மாதிரி டாஃபி குடுத்தவங்களுக்கு சொத்தை ரொம்ப ஜாஸ்தியாப் போயிருக்கு. 1954ல இதை வெளியிட்டிருக்காங்க. வேண்டாம்னு வாய் திறந்து சொல்ல முடியாத ஜனங்க பல்லை அழிச்சு கத்துகிட்ட பாடம்ங்க இது, அவங்களை நினைச்சா வயிறு எரியுது. அதுக்கப்புறம் அந்த நாட்டுல சனிக்கிழமை மட்டும் புள்ளைங்களுக்கு மிட்டாய்னு ஒரு பழக்கமே வந்துருச்சாம், வாரம் பூரா தின்னறதை அன்னிக்கு ஒரு நாள்ல. அவங்க பட்ட பாடு நம்ம புள்ளைங்களுக்காவது உதவட்டும்னு எங்க வீட்டுலயும் இப்ப அப்படித்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கறோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு தின்ன கையோட இனிப்பு, அவன் கேக்கறது எதுவா இருந்தாலும். முதல் ரெண்டு வாரம் அழுதான், இப்ப அவனே வெள்ளிக்கிழமையில இருந்து என்ன வாங்கறதுன்னு லிஸ்ட் போடறான்.

சின்னவ கதை வேற. அவளுக்கு மூணு வயசுல மேல் முன்னம்பல்லு நாலும் பழுப்படிச்சு, ஓரமெல்லாம் உதிர்ந்து போச்சு. கீழ்ப்பல்லு எல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, அதனால இது பரம்பரை, அவங்கப்பா பல்லு மாதிரின்னு பேசிகிட்டோம். பரம்பரை எல்லாம் இல்லைங்க, பாட்டில். ராத்திரி தூங்க வைக்கறதுக்கு சக்கரை போட்ட பாலை பாட்டில்ல ஊத்தி வாயில வெச்சுட்டா அப்படியே உறிஞ்சிகிட்டே தூங்கிருவா, பால் மேல்பல்லை சுத்தி தேங்கி நிக்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கறதால தப்பிச்சுக்குது. மேல் உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு ஓரமா சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெள்ளையா ஒரு கோடு முதல்ல தெரியுமாம், அதுதான் ஆரம்பம், அப்பவே கண்டுபுடிச்சா காப்பாத்திடலாம். ஒரு வயசு புள்ளை வெச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா இப்பவே போய் உதட்டைத் தூக்கி பாருங்க, ஒரு நிமிஷம்தான் ஆகும். பாட்டிலை வாயில வெச்சு தூங்க விடாதீங்க, குடுத்தே ஆகணும்னா வெறும் தண்ணி குடுங்க. அழுகையை நிறுத்த நிப்பிள்ல தேன் தடவறதும் வேண்டாம்.

பால்பல்லு போனாலும் போகட்டும்னு விடவும் முடியாதுங்க. பின்னாடி பால்பல்லுங்க பத்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்க வேண்டியது, அது முன்னாடியே போனா பக்கத்துப் பல்லு சாஞ்சு அந்த இடத்தை அடைச்சுக்கும், கீழ இருந்து வர்ற பல்லு வழி இல்லாம கோணலா முளைக்கும், அப்புறம் கம்பி போட காசு எங்க போறது.

பல்லு வலின்னா எங்க ஊர்ப்பக்கம் கண்டங்கத்திரி விதையை தணல்ல போட்டு புகை புடிப்பாங்க, பூச்சி விழுந்துரும்னு. எங்க அம்மாயி எனக்கே புடிச்சு விட்டிருக்காங்க, பாசமாத்தான் செஞ்சாங்க. ஆனா பல்லுக்குள்ள பூச்சியும் இல்லை புழுவும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிதான், விழுந்த குழி புகையால மூடாது. அதே மாதிரி, அந்தக் காலத்துல வேப்பங்குச்சிலதானே விளக்கினாங்க, எங்க அப்புச்சி எழுபது வயசுல முறுக்கு கடிச்சாருன்னு எல்லாரும் சொல்றோம். எங்க அப்புச்சியும் கடிச்சாருங்க. ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மா சொல்லலை. ஆனா அவர் வேப்பங்குச்சிய மென்னு மென்னு கால் மணி நேரம் தோட்டத்தை சுத்தி வந்தாரு, நாம அரை நிமிஷம் தேய்ச்சு துப்பிட்டு பஸ்ஸை புடிக்க ஓடறோம். அவர் கம்பங்கூழ் குடிச்சாரு, நடுவுல பிஸ்கட் திங்கலை, அஞ்சு டீ குடிக்கலை. குச்சிய மட்டும் அவர்கிட்ட இருந்து எடுத்துகிட்டு திங்கறதை இந்தக் காலத்துல இருந்து எடுத்துகிட்டா எப்படிங்க பல்லு நிக்கும். செங்கல் பொடி, சாம்பல், உப்புத்தூள் போட்டு அழுத்தி தேய்க்கறவங்க இன்னும் இருக்காங்க, அது வெள்ளையாக்கற மாதிரி தெரியும், மேல் ஓட்டைத் தேய்ச்சு எடுத்துரும், அப்புறம் தண்ணி பட்டாலே கூசும்.

ஃப்ளோரைடுங்கறது பல்லு அரிக்காம இருக்க பேஸ்ட்டுல சேக்கற மருந்து, அந்த ஃப்ளோரைடு பேஸ்ட் விஷம்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, அதைப் பாத்துட்டு நானும் கொஞ்ச நாள் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கினேன். என் நாத்தனாரை தர்மபுரி பக்கம் கட்டிக் குடுத்திருக்கு, அங்க போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அவ மூத்த பையனுக்கு பல்லுல காவிக் கோடா இருக்கும், தேய்க்கறதே இல்லையான்னு டீச்சர் திட்டுவாங்களாம், பாவம் அவன் வாயைப் பொத்திகிட்டு சிரிப்பான். தேய்க்காததால வந்ததில்லை அது, சின்ன வயசுல பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே அந்தத் தண்ணிய குடிச்சதால வந்தது. அதுக்காகத்தான் 2013ல ஒகேனக்கல் குடிநீரே கொண்டு வந்தாங்க. தண்ணில வருஷக்கணக்குல அளவுக்கு மேல உள்ள போறது வேற, பேஸ்ட்டுல தேய்ச்சு துப்பறது வேறங்க. அண்ணன் பொண்ணுதான் விளக்கினா, மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு போதும், விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் நீளத்துக்கு வேண்டாம், தேய்ச்சதும் நுரையத் துப்பிட்டு விட்டுடணும், சொம்பு தண்ணி ஊத்தி கொப்பளிச்சா மருந்தெல்லாம் போயிரும். புள்ளைங்களுக்கு ஏழெட்டு வயசு வரைக்கும் கை சரியா திரும்பாது, பெரியவங்கதான் பின்னாடி நின்னு தேய்ச்சு விடணும். அந்த மாதிரி தண்ணி இருக்கற ஊர்க்காரங்க மட்டும் சின்னப் புள்ளைங்களுக்கு எந்தப் பேஸ்ட்டுன்னு டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

எங்க கம்பெனி விஷயம் ஒண்ணு. காலைல பதினொண்ணுக்கு டீ, நாலுக்கு டீ, அரை ஷிப்ட் ஓடினா ஆறரைக்கு டீ, எல்லாம் சக்கரை தூக்கலா, கூட வர்க்கியோ பன்னோ. டீ வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அந்த டீ இல்லைன்னா பவர் டேபிள்ல, அதாவது தையல் மிஷின்ல, உக்காந்து கண்ணு மூடிரும். டீ குடிச்சதும் ரெண்டு வாய் தண்ணி கொப்பளிச்சுட்டு உக்காரலாம், அதுக்கு டேபிள் பக்கத்துல ஒரு தண்ணி கேன் இருந்தா போதும், முதலாளிங்க நினைச்சா நாளைக்கே நடக்கும். அதை விட பெரிய பயம் பாக்கு. தூக்கம் வராம இருக்க பாக்கெட் பாக்கை கன்னத்துல ஒதுக்கிட்டு நாள் பூரா ஓட்டறவங்க இருக்காங்க, பசங்க உதட்டுக்குள்ள புகையிலைத் தூளை வெக்கறாங்க. எங்க செக்ஷன் அக்கா ஒருத்தருக்கு இப்ப வாய் ரெண்டு விரல் அளவுதான் திறக்குது, காரம் பட்டா உள்ள எரியுது, சோத்தை உருண்டை புடிச்சு உள்ள தள்ள முடியலை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புத்துநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லிருச்சுங்க. மூணு விரலை நெட்டுக்குத்தலா வெச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க, போகலைன்னா அன்னிக்கே அதை விட்டுட்டு அரசு ஆஸ்பத்திரில பல் டாக்டர்கிட்ட போங்க.

ஐயா, உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். அடுத்த தடவை பல்லு பத்தி போடறப்ப பிரஷ் படத்துக்கு பதிலா புள்ளைங்க வாய் படம் ஒண்ணு போடுங்க, அந்த ஆறு வயசு கடவாப்பல்லு நாலும் எங்க முளைக்கும்னு அம்புக்குறி போட்டு, எழுத்து தெரியாதவங்களும் பாத்து புரிஞ்சுக்கற மாதிரி பெருசா. எங்க அத்தைக்கு படிக்கத் தெரியாது, ஆனா பேப்பர்ல படம் வந்தா வெட்டி கண்ணாடி பக்கத்துல ஒட்டி வெச்சுக்குவாங்க. இப்ப தினம் ராத்திரி ஒம்போதரைக்கு ரெண்டு பசங்களையும் வாசப்படில உக்கார வெச்சு டார்ச் அடிச்சு அவங்கதான் வாயைப் பாக்கறாங்க, நான் தேய்ச்சு விடறேன். என் பையனோட எக்ஸ்ரே பிலிம் வீட்டுல பத்திரமா இருக்குங்க, படம் போட உதவும்னா சொல்லுங்க, ஆபீஸ்ல கொண்டு வந்து குடுத்துட்டு போறேன்.

இப்படிக்கு,
ரெண்டு புள்ளைங்களோட அம்மா,
செக்கிங் தொழிலாளி,
திருப்பூர்.